பதினாறு வயதில் நாவல் எழுதிய ஹிண்டன்: நம் பிள்ளைகள் அந்த வயதில் எதைப் படிப்பது?

கெடிலக்கரை:
எஸ்.இ. ஹிண்டன் என்ற பெயரைப் பார்த்தால் யாரோ ஆம்பளை எழுத்தாளர் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றட்டும் என்றுதான் பதிப்பகமே அந்தப் பெயரைப் போட்டது. முழுப்பெயர் சூசன் எலோயிஸ் ஹிண்டன், பிறந்தது 1948ல், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊரில். தெருவில் சண்டை போட்டுத் திரியும் பையன்களின் கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஆரம்பத்திலேயே ஓரம் கட்டிவிடுவார்கள் என்று வைகிங் பதிப்பகத்தாருக்குப் பயம். நாவல் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967 ஏப்ரலில் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. பெரும்பகுதியை எழுதியது 16 வயதில், பள்ளியில் படித்துக்கொண்டே. அதே வருஷம் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் வாங்கிய கிரேடு 'டி', அதாவது பாஸா ஃபெயிலா என்று கேட்க வைக்கிற மார்க்! பதிப்பக ஒப்பந்தம் வந்து சேர்ந்தது பள்ளிப் பட்டமளிப்பு விழா நடந்த நாளில்.

இதை ஏன் இங்கே கிளப்புகிறேன் என்றால், அக்கா மகள் பத்தாவது பரீட்சை முடித்துவிட்டு லீவில் படிக்கத் தமிழில் ஏதாவது நாவல் கேட்கிறாள். சிறுவர் கதை கொடுத்தால் "நான் என்ன குழந்தையா மாமா" என்கிறாள். பெரியவர்கள் நாவல் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறாள். கடலூர், பாண்டி ஆட்கள் யாராவது சொல்லுங்கள், நடுவில் என்ன இருக்கிறது?

தவளக்குப்பம் பைக்:
முதலில் அந்த நாவல் கதையைச் சொல்லுங்கள் அண்ணே. முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை, நான் ஆங்கிலத்தில் அதைப் படிக்கப் போவதில்லை.

கெடிலக்கரை:
போனிபாய் என்று 14 வயதுப் பையன். அப்பா அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள். டாரி, சோடாபாப் என்று இரண்டு அண்ணன்கள். பெரியவனுக்கு 20 வயது, வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்கிறான். ஊரில் இரண்டு கோஷ்டி. முடியில் எண்ணெய் வைத்து நீளமாக விட்டுக்கொண்டு திரியும் ஏழைப் பையன்கள் 'கிரீசர்'கள், காரில் வந்து இவர்களை அடிக்கும் பணக்கார வீட்டுப் பையன்கள் இன்னொரு கோஷ்டி. ஒரு ராத்திரி பூங்காவில் போனிபாயைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்க்கும்போது அவன் சிநேகிதன் ஜானி கத்தியால் குத்திவிடுகிறான், பணக்காரப் பையன் ஒருத்தன் செத்துப்போகிறான். இரண்டு பேரும் ஓடிப்போய் ஒரு பாழடைந்த சர்ச்சில் ஒளிகிறார்கள்.

எனக்கு நாவலில் பிடித்த இடம் சண்டை இல்லை, அந்தச் சர்ச்சில் முடி வெட்டுகிற இடம். அடையாளம் தெரியாமல் இருக்க ஜானி கத்தியை வைத்தே போனிபாயின் முடியை அறுக்கிறான், பெராக்சைட் போட்டு வெளுக்கிறான். போனிபாய்க்குக் கொலைப் பழியைவிட அதுதான் அழுகையாக வருகிறது. அவனிடம் பெருமைப்பட இருந்த ஒரே சொத்து அந்த முடிதான். முடி வளர்த்ததற்காக அசெம்பிளியில் வெளியே நிறுத்தப்பட்ட எந்தப் பையனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருத்தர் எழுதியிருந்தால் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போயிருப்பார்.

முத்தியால்பேட்டை மூத்தவர்:
மன்னிக்கணும், நீங்கள் சொன்னதைக் கேட்டால் எண்பதுகளில் வந்த தமிழ்ப் படம் மாதிரி இருக்கிறது. அப்பா அம்மா இல்லாத மூன்று அண்ணன் தம்பி, குடும்பத்தைச் சுமக்கும் பெரியண்ணன், பணக்காரப் பையன்களோடு தகராறு, கடைசியில் ஆஸ்பத்திரியில் உருக்கமான வசனம். புத்தகத்தை நானும் படித்திருக்கிறேன். எல்லோரும் எப்போது பார்த்தாலும் அழுகிறார்கள். எழுதியது பதினாறு வயதுப் பெண் என்ற ஆச்சரியத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும்?

வண்டிப்பாளையம் வாசகி:
மூத்தவரே, அந்த வயதில் எல்லாமே கொஞ்சம் மெலோடிராமாதானே. நாற்பது வயது நிதானத்தோடு எழுதினால் அது போனிபாயின் குரலாக இருக்காது, அவன் வாத்தியாரின் குரலாக இருக்கும்.

இன்னொன்று, அந்தப் பெண் பொழுதுபோகாமல் எழுதியதில்லை. அவர் சிநேகிதன் ஒருத்தன் சினிமா பார்த்துவிட்டு நடந்து வரும்போது, அவன் தோற்றத்தைப் பார்த்தே பணக்காரப் பையன்கள் அடித்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தில் ஆரம்பித்த கதை. வீட்டில் அப்பாவுக்கு மூளையில் கட்டி, அவர் கண் எதிரில் தேய்ந்துகொண்டிருந்த மாதங்களில்தான் இது எழுதப்பட்டது, பள்ளி முடிப்பதற்குள் அப்பாவும் போய்விட்டார். பெற்றோர் இல்லாத வீட்டை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் அதை சினிமா ஃபார்முலா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாவல் வந்த அதே 1967 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையும் எழுதினார். தன் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் கதைகளில் அவர்கள் வாழ்க்கையே இல்லை என்பது அதன் சாரம். நடன விருந்துக்கு யாரோடு போவது, குதிரைக்கு எப்படிச் சேணம் போடுவது, இப்படித்தான் இருந்ததாம் அன்றைய அலமாரி.

முத்தியால்பேட்டை மூத்தவர்:
அப்பா விஷயம் சரி, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். அது ஓடியதற்கு இயக்குநர் கொப்போலா எடுத்த படம்தான் காரணம். 1983ல் படம் வந்தது, டாம் குரூஸ், பேட்ரிக் ஸ்வேஸி, மாட் தில்லன், ராப் லோ என்று பின்னால் பெரிய ஆளானவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். படம் வந்திருக்காவிட்டால் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ஓய்வுபெற்ற நூலகக்காரி:
அந்தப் படம் எப்படி வந்தது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் இந்த இடத்தில் மட்டும் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வந்த புதிதில் மருந்துக்கடைகளில் சுற்றும் ஸ்டாண்டில் தொங்கும் மலிவு நாவல்களோடு பெரியவர்களுக்காகப் போட்டு விற்றார்கள், சரியாகப் போகவில்லை. ஆனால் சில இடங்களில் மட்டும் நிறைய பிரதிகள் போயின. ஏன் என்று பார்த்தால் அங்கே ஆசிரியர்கள் அதை வகுப்பில் வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பே பிடிக்காத பையன்கள் அதை முடித்துவிட்டு அடுத்தது கேட்டார்களாம். பதிப்பகத்துக்குத் தன் வாசகர் யார் என்று சொல்லிக் கொடுத்ததே வாத்தியார்கள்தான்.

அப்புறம் 1980ல் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் லோன் ஸ்டார் என்ற பள்ளி. அங்கே நூலக வேலை பார்த்தவர் ஜோ எலன் மிசாக்கியன். பிள்ளைகள் இந்தப் புத்தகத்தை விழுந்து விழுந்து படிப்பதைப் பார்த்து, இதைப் படமாக எடுக்கச் சொல்லி இயக்குநர் ஒருவருக்கு எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். கொப்போலா தயாரித்த ஒரு குதிரைப் படம் பிடித்துப்போனதால்தான் அவர் பெயர் வந்தது, 'காட்ஃபாதர்' எடுத்தவர் என்பதற்காக இல்லை. பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, கூடவே புத்தகத்தின் ஒரு பிரதியையும் வைத்து அனுப்பினார். கொப்போலா படித்துவிட்டு டல்சாவுக்கே போய் எடுத்தார். படம் அந்தப் பள்ளிக்கும் அந்த அம்மாவுக்கும்தான் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. பதிமூன்று வருஷம் அந்தப் புத்தகத்தைச் சாகாமல் வைத்திருந்தவர்கள் நூலகத்தில் இருந்தவர்கள் மூத்தவரே, சினிமாக்காரர்கள் இல்லை.

நான் பார்த்த பள்ளி ஒன்றில் நூலக பீரோ வருஷம் முழுக்கப் பூட்டியே இருக்கும். புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் திறந்து தூசி தட்டி அடுக்கி வைப்போம். யார் மேலும் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த பீரோவுக்குள் எந்த ஹிண்டன் இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

தவளக்குப்பம் பைக்:
அக்கா, சூப்பர். அந்தப் படத்தில் ஹிண்டனே நர்ஸாக வருகிறார் என்று யூடியூபில் பார்த்தேன், உண்மையா?

ஓய்வுபெற்ற நூலகக்காரி:
உண்மைதான், ஆஸ்பத்திரிக் காட்சியில் வருவார். படப்பிடிப்பு முழுக்கக் கூடவே இருந்தார். அது முடிந்ததும் அதே ஊரில் அவருடைய 'ரம்பிள் ஃபிஷ்' நாவலையும் கொப்போலா எடுத்தார். அதற்குத் திரைக்கதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது.

பிளஸ் ஒன் பெஞ்ச்:
வணக்கம், இந்த இழையில் நான்தான் சின்னவன் என்று நினைக்கிறேன். கடலூர் முதுநகர். நானும் நோட்டில் கொஞ்சம் எழுதுகிறேன். ஒரு சந்தேகம், இவர் 18 வயதில் பெரிய ஆளாகிவிட்டார் சரி, அதற்கப்புறம் என்ன ஆனது? எல்லோரும் முதல் புத்தகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்.

கெடிலக்கரை:
நல்ல கேள்வி தம்பி. அதற்கப்புறம் கை ஓடவே இல்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாலே பயம், எல்லோரும் அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம். டல்சா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே சந்தித்து, பின்னால் கணவரான டேவிட், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதி முடித்தால்தான் வெளியே சுற்றப் போகலாம் என்று கண்டிஷன் போட்டார். அப்படி ரெண்டு ரெண்டு பக்கமாக எழுதியதுதான் 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்'. வெளிவந்தது 1971ல். நான்கு வருஷ இடைவெளி. 1970லேயே கல்யாணம் ஆகிவிட்டது.

அப்புறம் 1975ல் 'ரம்பிள் ஃபிஷ்', 1979ல் 'டெக்ஸ்', 1988ல் 'டேமிங் தி ஸ்டார் ரன்னர்'. இளைஞர்களுக்கு எழுதிய நாவல் இந்த ஐந்துதான். கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருஷம், அந்த இடைவெளியில்தான் படங்களும் வந்தன, மகனும் பிறந்தான். பின்னால் சின்னக் குழந்தைகளுக்குக் கொஞ்சம், பெரியவர்களுக்குக் கொஞ்சம் எழுதினார், அவை அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1988ல் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது என்று இளைஞர் இலக்கியத்துக்கு ஒன்றை ஆரம்பித்தபோது முதல் விருதே இவருக்குத்தான் போனது.

என் கருத்து, எழுத்தாக 'ரம்பிள் ஃபிஷ்' இன்னும் கூர்மை. முதலில் டல்சா பல்கலைக்கழகத்தின் 'நிம்ராட்' இதழில் 1968ல் சிறுகதையாக வந்தது. ஆனால் ஜனங்கள் கேட்பது முதல் புத்தகத்தைத்தான்.

பிளஸ் ஒன் பெஞ்ச்:
முதல் புத்தகத்தை யாரிடம் கொடுத்தார்? எனக்கு யாரையும் தெரியாதே.

வண்டிப்பாளையம் வாசகி:
அவருக்கும் யாரையும் தெரியாது. பள்ளித் தோழி ஒருத்தியின் அம்மா சிறுவர் புத்தகம் எழுதுபவர், அவர் படித்துப் பார்த்துவிட்டு நியூயார்க்கில் ஒரு இலக்கிய ஏஜென்ட்டின் விலாசம் கொடுத்தார். அங்கிருந்து வைகிங். நம் ஊரில் ஏஜென்ட் எல்லாம் கிடையாது, நேராகப் பதிப்பகத்துக்கோ இதழுக்கோ அனுப்ப வேண்டியதுதான். முதல் வரைவே இடைவெளி விடாமல் அடித்த 40 பக்கம்தானாம், அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதிப் பெரிதாக்கியிருக்கிறார். அதனால் நோட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று கவலைப்படாதே.

முத்தியால்பேட்டை மூத்தவர்:
தம்பி, அமெரிக்காவெல்லாம் எதற்கு, உன் ஊரிலேயே ஆள் இருக்கிறது. ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். 'உன்னைப் போல் ஒருவன்' படித்திருக்கிறாயா? சேரியில் வளரும் சிட்டி என்ற பையன், சித்தாள் வேலை பார்க்கும் அம்மா, அம்மாவின் வாழ்க்கையில் வரும் இன்னொரு ஆள், அதைத் தாங்க முடியாத பையனின் கோபம். 1965ல் அவரே படமாக எடுத்து தேசிய விருதும் வாங்கினார். ஹிண்டனுக்கு இரண்டு வருஷம் முன்னால்! கெடிலக்கரை கேட்ட 'நடுவில்' இதை வைத்துக்கொள்ளலாமே.

கெடிலக்கரை:
ஜேகேவை மறுக்க நான் யார். ஆனால் அந்தக் கதையில் பையனின் கோபத்தை நாம் பெரியவர் தோளில் உட்கார்ந்து பார்க்கிறோம். அம்மாவின் நியாயம் நமக்குப் புரிந்துவிடுகிறது, ஆசிரியர் புரிய வைக்கிறார். போனிபாய் கதையில் அண்ணன் ஏன் கத்துகிறான் என்று போனிபாய்க்குக் கடைசிவரை பாதிதான் புரியும், படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அதே பாதிதான் புரியும். நான் தேடுவது அது. என் அக்கா மகளுக்கு 'உன்னைப் போல் ஒருவன்' கொடுப்பேன், இருபது வயதில்.

வண்டிப்பாளையம் வாசகி:
தமிழில் ஒன்றுமே இல்லை என்பதுபோலப் பேச வேண்டாம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் தொல்லையைப் பிள்ளைகளிடமே பேசுகிற கதை, 2020ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதியது, 2023. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025. வாண்டுமாமா காலத்து மாயாஜாலத்தைத் தாண்டி நிறைய தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் இவற்றையெல்லாம் பத்து, பன்னிரண்டு வயதில் படித்துவிடலாம், கெடிலக்கரை கேட்டது அதற்கு அடுத்த படி. அந்தப் படியில் நாங்கள் எல்லோரும் லயன், முத்து காமிக்ஸிலிருந்து நேராக 'பொன்னியின் செல்வ'னுக்கோ பஸ் ஸ்டாண்ட் க்ரைம் நாவலுக்கோ தாவியவர்கள்தான். ப்ளஸ் டூ மார்க், டியூஷன், முதல் முதலாக ஒருத்தரைப் பிடித்துப்போவது, சாதி தெரிந்த நாளில் நண்பன் மாறிப்போவது, இதெல்லாம் நடக்கிற வயதுக்கு நாவல் மிகக் குறைவு. எழுதினாலும் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

தவளக்குப்பம் பைக்:
எழுதினால் பெற்றோர் விடுவார்களா? சிகரெட், கத்தி, சண்டை இருந்தால் நம் வாட்ஸ்அப் குரூப்பில் பஞ்சாயத்து வைத்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற நூலகக்காரி:
அங்கேயும் அதே பஞ்சாயத்துதான். கோஷ்டிச் சண்டை, சிறுவர்கள் புகைப்பது, குடிப்பது, உடைந்த குடும்பம் என்று புகார் சொல்லி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த தொண்ணூறுகளில் அதிக எதிர்ப்பு வந்த 100 புத்தகங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. அதே நேரத்தில் பாடமாகவும் இருந்தது! ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றதும் இதே புத்தகம்தான். கெட்ட வார்த்தை கிட்டத்தட்ட இல்லை என்பதை எதிர்த்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ.

முத்தியால்பேட்டை மூத்தவர்:
நூலகக் கதைக்காக ஒரு படி இறங்கி வருகிறேன். இன்னொரு கேள்வி. ஐந்து நாவலோடு நிறுத்திக்கொண்டவர், மிச்ச ஆயுசு முழுக்க முதல் நாவலுக்கே பதில் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டியதாகிவிட்டதே, இது வரமா சாபமா? 2016ல் ட்விட்டரில் ஒரு வாசகர், ஜானிக்கும் அதே கிரீசர் கோஷ்டியில் இருக்கும் டாலி என்ற பையனுக்கும் இடையில் காதலா என்று கேட்டு, இவர் அப்படி எழுதவில்லை என்று சொல்லப்போய்ப் பெரிய சண்டை ஆனது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளையாக எழுதியதற்கு!

வண்டிப்பாளையம் வாசகி:
அந்தச் சண்டையில் எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. தன்னைப் போன்ற ஒருத்தரைத் தேடி வருகிற பிள்ளை, இருக்கிற புத்தகத்தில்தானே தேடும். எழுதியவர் 'நான் அப்படி நினைக்கவில்லை' என்று சொல்வதும் அவர் உரிமை. பதிலில் கொஞ்சம் கனிவு இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கான புத்தகத்தை இன்னொருத்தர் எழுத வேண்டும்.

சாபம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். படத்தில் போனிபாய் வீடாக வந்த அந்த வீட்டை ஒரு ராப் பாடகர் வாங்கிச் சீராக்கி 2019ல் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார், ஜனங்கள் தேடிப் போகிறார்கள். 2024ல் பிராட்வேயில் இசை நாடகமாக வந்து சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கிவிட்டது. அவரோ இன்னமும் டல்சாவிலேயே குடியிருக்கிறார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தவளக்குப்பம் பைக்:
சரி, புத்தகம் எங்கே கிடைக்கும்? மனசு மாறிவிட்டது, ஆங்கிலத்திலேயே முயற்சி செய்கிறேன்.

கெடிலக்கரை:
ஞாயிற்றுக்கிழமை பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக்காரர்களிடம் பார், சில சமயம் கண்ணில் படும். இல்லையென்றால் ஆன்லைன். ஆங்கிலம் எளிமைதான், அகராதி அவ்வளவாகத் தேவைப்படாது. ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் ஒரு தடவை கேட்டு வை, கேட்கிறவர்கள் இருந்தால்தானே வாங்குவார்கள்.

பிளஸ் ஒன் பெஞ்ச்:
நான் எழுதிய இரண்டு பக்கத்தைப் படைப்புகள் பகுதியில் போட்டிருக்கிறேன். துறைமுகம் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனும் படிக்கிற தம்பியும். யாராவது பாருங்கள், திட்டினாலும் சரி.

ஓய்வுபெற்ற நூலகக்காரி:
படித்தேன் தம்பி. அண்ணன் ராத்திரி வந்து கதவைத் தட்டாமல் காலால் தள்ளுகிற இடம் நன்றாக இருக்கிறது, கை மரத்துப்போயிருக்கிறது என்று எனக்கே புரிந்துவிட்டது. ஆனால் அடுத்த வரியில் நீயே அதை விளக்கிவிட்டாய், அந்த வரியை எடுத்துவிடு. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் 'சமூக ஏற்றத்தாழ்வு' என்று ஒரு பத்தி வருகிறது, அது உன் தமிழ் வாத்தியார் எழுதியது போல இருக்கிறது. அண்ணன் தம்பி சண்டை ஏன் பாதியில் நிற்கிறது?

பிளஸ் ஒன் பெஞ்ச்:
அது நிஜமாக நடந்தது அக்கா. முழுசாக எழுதினால் அண்ணன் படித்துவிட்டு அடிப்பான்.

முத்தியால்பேட்டை மூத்தவர்:
பெயரை மாற்று, வேலையை மாற்று, ஐஸ் கம்பெனியை மட்டும் மாற்றாதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஹிண்டன் நாவலிலும் டல்சா என்ற பெயர் எங்கேயும் வராது. மூன்றாவது பக்கம் எப்போது?

பிளஸ் ஒன் பெஞ்ச்:
அடுத்த வாரம் சார். திங்கட்கிழமை அக்கவுண்டன்சி டெஸ்ட் இருக்கிறது.